முந்நூறு மீட்டருக்குள் யாரும் இல்லை

2008 பிப்ரவரி 11

பரசுராமன் வீட்டிலிருந்து கார் வந்தது. என்னைத் தேடிக் கார் வந்தால் யாரோ செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்கோ கல்யாணம். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து இந்த வட்டாரத்துக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, மணவிழா அழைப்பு, வரவேற்பு மடல் எல்லாவற்றுக்கும் தமிழ் நான்தான். பரசுராமனின் தகப்பனார் தர்மலிங்கம் போனபோது ‘ஏழைகளின் இமயம் சாய்ந்தது’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த இமயத்தில் எந்த ஏழையும் ஏறிப் பார்த்ததில்லை. ஆனால் சுவரொட்டி நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

இந்த முறை சாவும் இல்லை, கல்யாணமும் இல்லை. சுற்றுச்சூழல்.

மாகறலுக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே சிறுகல்பாக்கத்தில் அவருக்கு ஒரு கல்குவாரி. குத்தகை முடியப் போகிறது. முன்பு போல் மாலை போட்டுப் புதுப்பித்துவிட முடியாதாம். புதுச் சட்டப்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதற்கு ஓர் ஆய்வறிக்கை, அதன் தமிழ்ச் சுருக்கம், பிறகு அந்தப் பகுதி மக்களைக் கூட்டி ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம்.

“ரிப்போர்ட்ட மெட்ராஸ்ல ஒரு பையன் இங்கிலீஷ்ல போட்டுக்கினு இருக்கான் சாமி. தமிழு நீங்கதான். அப்பா போஸ்டரு மாதிரி உருக்கமா இருக்கணும்.”

உயிரோடு இருக்கும்போதே எழுதிப் பழக்கமில்லை என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நான் சொல்வதற்குச் சிரிக்கிறவர்கள் அதைப் புரிந்துகொள்ளாதவர்கள். புரிந்துகொண்டவர்கள் இதுவரை சிரித்ததில்லை.

பிப்ரவரி 19

மெட்ராஸ் பையன் பெயர் ஸ்ரீசரண். நல்ல பையன், அறிக்கையை நேரில் கொண்டுவந்து கொடுத்தான். படித்தேன். இதன்படி எங்கள் கல்குவாரிக்கு மூன்று கிலோமீட்டர் கிழக்கே கடல் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. ஐம்பத்தெட்டு வருஷமாகக் காஞ்சிபுரத்தில் இருக்கிறேன். ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

ஃபோனில் கேட்டேன். “சாரி அங்கிள், அது வேற ப்ராஜெக்ட். கடலை மட்டும் டெலீட் பண்ணிடறேன்” என்றான்.

பிப்ரவரி 23

கடலை எடுத்துவிட்டான். மீனவர்கள் இருக்கிறார்கள். ‘இப்பகுதி மீனவர்கள் திட்டத்துக்கு ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.’

உண்மைதான். வரிக்கு வரி சரியாக இருக்கிற ஒரே பக்கம் அது.

மார்ச் 3

பரசுராமன் குவாரியைப் பார்க்க அழைத்துப் போனார். மலை என்று சொல்ல முடியாது, முன்பு குன்றாக இருந்திருக்கும். இப்போது அது பாதி, மீதி பள்ளம். பள்ளத்தின் அடியில் பச்சையாகத் தண்ணீர். அதன் ஓரத்தில் ஒரு லாரியின் எலும்புக்கூடு.

பள்ளத்துக்குப் பக்கத்திலேயே தர்மலிங்க நகர். ஹாலோபிளாக் சுவர், சிமெண்ட் ஷீட் கூரை, வரிசையாக முப்பது வீடு. இது ஏன் முளைத்தது என்பதைப் பரசுராமனே பெருமையாகச் சொன்னார். சிறுகல்பாக்கத்துக்காரர்கள் குவாரிக்கு எதிர். கிணறு வற்றிவிட்டது, பயிர் மேல் வெள்ளைப் பொடி, சுவரில் விரிசல் என்று மனு மேல் மனு. கூட்டத்திலோ ஆதரித்துப் பேச ‘அப்பகுதி மக்கள்’ வேண்டும். இருக்கிற மக்கள் சரியில்லை என்றால் வேறு யாராக இருந்தாலும் கவலைப்பட்டிருப்பார்கள். இவர் புதிதாக மக்களைச் செய்துவிட்டார். அங்கங்கே குடிசை போட்டிருந்த தன் குவாரி ஆட்களைக் கூட்டி வந்து, வீடு கட்டிக் கொடுத்து, தன் பேரில் கரண்டு இழுத்து, ரேஷன் கார்டும் வாங்கிக் கொடுத்து, அப்பா பெயரையும் வைத்துவிட்டார்.

நாங்கள் நின்றிருந்தபோது மாலை ஐந்து ஆகப்போகிற நேரம். பேசிக்கொண்டிருந்த பெண்கள் சொல்லிவைத்தாற்போல் எழுந்து உள்ளே போனார்கள். எல்லா வீட்டிலிருந்தும் பாத்திரச் சத்தம். சுவர்ப் பலகையில் இருக்கிற குண்டான், சொம்பு, டம்ளர் எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வைக்கிறார்கள். பிறகு சங்கு ஊதியது. பிறகு வேட்டு. அதிர்வு கால் வழியாக ஏறி என் பல்லை ஆட்டியது. பிறகு மறுபடி பாத்திரச் சத்தம், எல்லாம் பலகைக்குத் திரும்பின. ஒருத்தி வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஹேமாம்புஜம் வாசலிலேயே மறித்தாள். “ஏன்னா, இந்தப் பொடியோட உள்ளே வராதேங்கோ. வேஷ்டியை அங்கேயே உதறுங்கோ.” உதறினேன். பொடி போகவில்லை.

மார்ச் 9

தமிழ்ச் சுருக்கத்தில் ஏழாவது பத்தி. அறிக்கை சொல்கிறபடி: ‘குவாரி எல்லையிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் குடியிருப்பு எதுவும் இல்லை.’ இருந்தால் குத்தகை கிடையாது என்பது சட்டம்.

பரசுராமனுக்கு ஃபோன் செய்தேன். தர்மலிங்க நகர் என்ன ஆயிற்று என்றேன்.

“அது ரிப்போர்ட்டுக்கு இல்ல சாமி. மீட்டிங்குக்கு.”

என்ன தெளிவு! தத்துவம் படித்தவர்கள் நூறு பக்கத்தில் சொல்லத் திணறுவதை மனுஷன் அரை மூச்சில் சொல்லிவிட்டார். எழுதினேன். நல்ல தமிழில்தான் எழுதினேன்.

ஏப்ரல் 20

தர்மலிங்க நகர் மக்களுக்குக் கூட்டத்தில் பேசப் பயிற்சி. ஆசிரியர் நான். தேர்ந்தெடுக்கப்பட்டவள் கங்கையம்மாள், நாற்பத்தைந்து வயது இருக்கும், ஜல்லி உடைக்கிறாள், குரல் கணீர் என்று இருக்கிறது. இரண்டே வாக்கியம். நாங்கள் இங்கேதான் குடியிருக்கிறோம். குவாரியால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். “இவ்ளோதானா சாமி? இதுக்குப் போயா ஒரு வாத்தியாரு?” என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வீடு பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். பொறந்ததிலிருந்து கதவு வைத்த வீட்டில் இருந்ததில்லை என்றாள். உள்ளே கூட்டிப் போய்க் கதவைத் திறந்து, சாத்தி, தாழ் போட்டுக் காண்பித்தாள். மூன்று முறை.

ஏப்ரல் 24

கருத்துக் கேட்புக் கூட்டம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். மேடையில் அதிகாரிகள், எதிரே வீடியோக்காரர். சட்டப்படி எல்லாவற்றையும் படம் பிடிக்க வேண்டுமாம். கேசரி, போண்டா.

முதலில் ஸ்ரீசரண் என் தமிழ்ச் சுருக்கத்தை மைக்கில் வாசித்தான். ஏழாவது பத்தி வந்தபோது நான் போண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சிறுகல்பாக்கத்துக்காரர்கள் ஒரு மணி நேரம் கத்தினார்கள். பிறகு கங்கையம்மாள் எழுந்தாள். புதுப் புடவை, தலை நிறைய கனகாம்பரம்.

“நாங்க இங்கதான் குடியிருக்கோம். குவாரியால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல சார்.”

பிசகே இல்லை. அதோடு அவள் உட்கார்ந்திருந்தால் பரசுராமன் பிழைத்திருப்பார். மேடையில் நடுவில் இருந்தவர், பொழுது போகாமலோ என்னவோ, “எங்கேம்மா உங்க வீடு?” என்று கேட்டார்.

“தோ சார், குவாரிக்கு இந்தாண்ட. கதவத் தொறந்தா பள்ளம் தெரியும்.”

“வெடி வைக்கும்போது கஷ்டமா இல்லையா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். அஞ்சு மணிக்கு முன்னாடி பாத்திரத்த எல்லாம் கீழ இறக்கி வச்சிடுவோம். வேட்டு முடிஞ்சதும் மேல ஏத்திடுவோம். நாங்க வந்ததுலேர்ந்து ஒரு டம்ளரு கூட நசுங்கல. கூரையில கல்லு வந்து விழும், ஆனா பொடிக் கல்லுதான்.” கொஞ்சம் யோசித்து, நாணயமாகச் சேர்த்துக்கொண்டாள்: “எங்க மொதலாளி ரொம்ப நல்லவரு.”

சிறுகல்பாக்கத்துக்காரர்கள் கைதட்டினார்கள். தனக்குத்தான் என்று நினைத்துக் கும்பிட்டாள்.

பந்தலுக்குப் பின்னால் பரசுராமன் என் மேல் பாய்ந்தார். “இன்னா சாமி சொல்லிக் குடுத்தீங்க அவளுக்கு?”

“இரண்டு வாக்கியம். இரண்டையும் சரியாகச் சொன்னாள். மீதி அவளுடைய சொந்த நடை.”

மே 27

அனுமதி தர வேண்டிய சென்னைக் குழுவிடமிருந்து கோப்பு திரும்பி வந்துவிட்டது. முந்நூறு மீட்டருக்குள் குடியிருப்பு இருப்பதாக வீடியோவில் தெரிகிறதே, விளக்கம் தேவை.

மே 30

விளக்கம் தயார். அவை வீடுகள் அல்ல. குவாரி வேலையாட்கள் பகலில் இளைப்பாறவும் கருவிகளை வைக்கவும் அமைக்கப்பட்ட கொட்டகைகள். மாலை ஆறுக்கு மேல் அங்கே யாரும் தங்குவதில்லை. பரசுராமன் அதைத் தமிழில் எழுதச் சொன்னார்.

மே 31

எழுதினேன்.

ஜூலை 22

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். அன்று தர்மலிங்க நகர் மக்கள் அனைவருக்கும் பரசுராமன் செலவில் மகாபலிபுரம் சுற்றுலா. இரண்டு பஸ். ஆடி வெள்ளி என்பதால் பிரியாணி இல்லை, புளிசாதம். வருஷம் முழுக்கக் கல் உடைக்கிறவர்களைக் கல் பார்க்க அனுப்புகிறார்.

ரேஷன் கார்டுகளை எல்லாம் முத்திரை போட வேண்டும் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார். கேட்டேன், எதற்கு என்று. “எதுக்கும் நம்மகிட்ட இருக்கட்டும் சாமி” என்றார்.

ஜூலை 25

காஞ்சிபுரத்துக்கு ஆய்வுக்கு வர அதிகாரிகளுக்குள் போட்டி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காரணம் பாறையல்ல. வந்தவருக்கு முதலில் பெருமாள் சேவை, மாலை, பரிவட்டம். அடுத்து பட்டுக்கடை. அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை, கோர்வைதானா என்று புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரையும் உடலும் சேருகிற இடத்தை விரலால் தடவி, ஒட்டு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த மனிதருக்கு ஆய்வு செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு புடவைக்குப் பிறகு குவாரி.

நானும் உடன் போனேன், மொழிபெயர்க்க. அவரும் தமிழர்தான்.

தர்மலிங்க நகரில் எல்லா வீட்டிலும் பூட்டு. திறந்து காட்டிய இரண்டு வீட்டில் துளைபோடும் கம்பி, சாக்கு மூட்டை, மண்வெட்டி. கோலங்களை மண் போட்டு மூடியிருந்தார்கள். துளசிச் செடிகளை என்ன செய்தார்களோ. ஏற்பாடு கச்சிதம்.

கடைசி வீட்டு வாசலில் புகை.

மூன்று கல் வைத்து, பெரிய அண்டாவில் கூழ் கொதிக்கிறது. அண்டாவின் கழுத்தில் வேப்பிலை. பக்கத்தில் அகப்பையோடு கங்கையம்மாள். பரசுராமன் முகம் சாம்பலாகிவிட்டது.

“நீ இன்னாத்துக்கு இங்க கீற? பஸ்ல போவல?”

“ரெண்டாவது வெள்ளிக்கு கூழு ஊத்தறதா ஆத்தாளுக்கு வேண்டிக்கினு இருக்கேன் மொதலாளி. அத்த வுட்டுட்டு மகாலிபுரம் போவச் சொல்றீங்களா? கண்ண புடுங்கிடுவா.” அதிகாரியிடம் திரும்பி, “வெயில்ல வந்துக்கினு இருக்கீங்களே சார், ஒரு சொம்பு குடிங்க.”

குடித்தார். சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டார், முருங்கைக்கீரை கேட்டு வாங்கினார், இரண்டாவது சொம்பும் குடித்தார். மூக்கு வியர்த்தது. உண்மையிலேயே அனுபவித்துக் குடித்தார். அந்த ஒரு விஷயத்தில் அவர் மேல் எனக்குக் குறை இல்லை.

“நல்ல கூழும்மா. எந்த ஊரு நீ?”

“இந்த ஊருதான் சார். தோ, இந்த வூடுதான்.”

அவள் காட்டிய கதவைப் பார்த்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். காருக்குப் போனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. மொழிபெயர்க்க எதுவும் இல்லையே.

செப்டம்பர் 18

அனுமதி வந்துவிட்டது. கூடவே ஆய்வுக் குறிப்பின் நகல்: ‘நேரில் பார்வையிட்டதில் கருவிக் கொட்டகைகள் தவிரக் குடியிருப்பு எதுவும் தென்படவில்லை.’

கூழ் யார் கொடுத்தது? பாறை கொடுத்ததா? குடிக்கும்போது எதிரே நின்றவள் என்ன, துளைபோடும் கம்பியா?

பரசுராமன் லட்டும் ஒரு பட்டு வேட்டியும் அனுப்பியிருந்தார். அனுமதி கிடைத்ததைத் தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டுமாம், நாலு வரி எழுதித் தர வேண்டும். எழுதினேன். வேட்டியை பீரோவில் போட்டேன். “எப்போ கட்டிக்கப் போறேள்?” என்றாள் ஹேமாம்புஜம். பார்க்கலாம் என்றேன். “பார்த்துண்டே இருங்கோ” என்றாள்.

நவம்பர் 14

அனுமதி வந்த பிறகு வேட்டு பெரிதாகிவிட்டதாம். முந்தாநாள் மாலை ஒரு கல், தேங்காய் அளவு, கங்கையம்மாள் வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்திருக்கிறது. பாத்திரங்களை எல்லாம் வழக்கப்படி தரைக்கு இறக்கி வைத்திருந்தாள். அவற்றின் மேலேயே விழுந்தது. இவள் வாசற்படியில் நின்றதால் பிழைத்தாள். உடைந்த ஷீட் பட்டு முன்கையில் நீளமாக வெட்டு, ஏழெட்டுத் தையல்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், இன்று காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முந்தானையில் அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே வரவில்லை. ஹேமாம்புஜம்தான் கையைப் பார்த்துவிட்டு, “ஐயையோ, உள்ளே வாம்மா முதல்லே, உட்காரு” என்று இழுத்து வந்து கூடத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போனாளாம். எங்கே வீடு என்று கேட்டிருக்கிறார்கள். சொன்னாள். அங்கே வீடே கிடையாதே, காகிதம் அப்படித்தான் சொல்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இல்லாத கூரையில் கல் எப்படி விழும்? நியாயம்தானே. பரசுராமனிடம் போயிருக்கிறாள். கொட்டகைக்கு எவனாவது நஷ்டஈடு கொடுப்பானா என்று கேட்டிருக்கிறார். அதோடு எல்லோரையும் தை பிறந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார். கூட்டம் முடிந்துவிட்டது, அனுமதி வந்துவிட்டது, இனி மக்கள் எதற்கு?

கல்லைத் தரையில் வைத்தாள். என்னைத் திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சந்தேகம் கேட்க வந்திருக்கிறாள்.

“நீங்கதான சாமி இங்க குடியிருக்கோம்னு சொல்லச் சொன்னீங்க. சொன்னேன். இப்ப இல்லன்றாங்க. தை மாசம் நாங்க எங்கேர்ந்து காலி பண்றது? இல்லாத வூட்லேர்ந்தா?”

ஹேமாம்புஜம் என்னைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. பொடி ஒட்டிய வேட்டியைப் பார்க்கிற பார்வை.

நவம்பர் 16

ஸிந்துஜாவுக்கு ஃபோன் செய்தேன். என் பெண், சென்னையில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியர். எல்லாவற்றையும் சொன்னேன், ஏழாவது பத்தி உட்பட.

“நீயாப்பா எழுதினே?”

“நான்தான்.”

“சரி விடு, அப்புறம் சண்டை போடறேன். கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா கவர்ன்மென்ட்டே வீடு இல்லேன்னு எழுதிக் கொடுத்திருக்கு. இருக்குன்னும் கவர்ன்மென்ட் சொல்லணும். ரேஷன் கார்டு அவர்கிட்டே. கரண்டு பில் அவர் பேர்லே. வீடியோலே இருந்ததுக்குத்தான் கொட்டகைன்னு விளக்கம் கொடுத்துட்டாரே.”

விளக்கமும் நான்தான் எழுதினேன் என்பதைச் சொல்லவில்லை. ஊகித்திருப்பாள்.

நவம்பர் 18

அரசாங்கத்தில் இன்னும் வீடு வீடாகப் போகிற ஒரே ஆள் தபால்காரர்தான். காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது.

முப்பது வீட்டுக்கும் முப்பது பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. வாங்குகிறவர் அட்டையில் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும். அது தபால் முத்திரையோடு எனக்குத் திரும்பி வரும்.

உள்ளே என்ன எழுதுவது? வெற்றுக் காகிதம் அனுப்ப மனம் வரவில்லை. தொழில் சுத்தம் என்று ஒன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே கடிதம்தான்:

‘அன்புடையீர், தாங்கள் மேற்கண்ட முகவரியில் இருக்கிறீர்களா? இருப்பின் இதைப் பெற்றுக்கொண்டு கையொப்பமிடவும். இல்லையெனில் வாங்க வேண்டாம்.’

என் வாழ்நாளில் இத்தனை சுருக்கமாக எதுவும் எழுதியதில்லை.

நவம்பர் 27

புயல், மழை. மூன்று நாளாகத் தபால் இல்லை, கரண்டும் இல்லை. கங்கையம்மாள் வீட்டுக் கூரை ஓட்டையை என்ன செய்தாளோ.

டிசம்பர் 4

அட்டைகள் வர ஆரம்பித்துவிட்டன. அந்தப் பக்கத்துத் தபால்காரர் கோதண்டபாணி, சைக்கிளை மிதித்துக்கொண்டு அவரே வந்துவிட்டார், யார் இந்தப் பைத்தியம் என்று பார்க்க.

“இன்னா சாரே இது? முப்பது ரிஜிஸ்தர்! நம்ம சர்வீஸ்ல அந்தக் காலனிக்கு ஒரு போஸ்ட் கார்டு போனதில்ல. எல்லாம் கைநாட்டு. இங்க் பேடு வறண்டுபோய் ஒரு ஆயா வெத்தல எச்சில வச்சி அமுக்கிடுச்சிபா, கேக்கல.”

“அதுவும் செல்லும்” என்றேன்.

“உள்ள இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சிக் காட்டச் சொல்லி ஒவ்வொருத்தியும் புடிச்சிக்கினா. படிச்சேன். ‘இருக்கோம்னு எழுதிக்கய்யா’ன்றாங்க. நான் இன்னாத்த எழுத?”

அட்டைகளைக் கூடத்தில் பரப்பிப் பார்த்தேன். கருப்பு ரேகைகள், நீல ரேகைகள், ஒரு சிவப்பு ரேகை. கங்கையம்மாள் ரேகை வைக்கவில்லை. ‘கங்க’ என்று எழுதிவிட்டு இடம் போதாமல் நிறுத்தியிருக்கிறாள். கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லவே இல்லை.

டிசம்பர் 9

நான்கு தபால்கள் கையெழுத்து இல்லாமல் அப்படியே திரும்பி வந்தன. பரசுராமன் மிரட்டியிருப்பார் போல. கோதண்டபாணி விதிப்படி எழுதியிருக்கிறார்: ‘வாங்க மறுத்தார்.’

ஸிந்துஜாவுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. “அப்பா, மறுக்கறதுக்கும் ஆள் வீட்லே இருக்கணுமே!” அவள் சிரித்தாள். முதன்முறையாக என்னைப் புரிந்துகொண்டு ஒருவர் சிரித்தார்.

மனுவோடு என் வாக்குமூலமும் சேர்க்க வேண்டும் என்றாள். ஏழாவது பத்தியையும் மே மாத விளக்கத்தையும் எழுதியது யார், தெரிந்தே எழுதினாரா. “கஷ்டமா இருந்தா வேண்டாம்பா.”

தெரிந்தே எழுதினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உருக்கமாக இல்லை.

2009 ஜனவரி 11

பொங்கலுக்கு மூன்று நாள். கார் வந்தது. டிரைவர் இல்லாமல் பரசுராமனே ஓட்டி வந்திருந்தார். கோர்ட் நோட்டீஸ் போயிருக்கிறது.

“இன்னா சாமி, நீங்க எழுதினத நீங்களே இல்லன்றீங்களா?”

பீரோவிலிருந்து பட்டு வேட்டியை எடுத்து வந்து கொடுத்தேன். மடிப்புக்கூடக் கலையவில்லை. அவர் வாங்கிக்கொள்ளவில்லை, கோபமும் படவில்லை. ரொம்ப நிதானமாகச் சொன்னார்: “இனிமே இந்தச் சுத்துப்பட்டுல எவன் செத்தாலும் உங்ககிட்ட வரமாட்டான். பிளெக்ஸ் கடையில கம்ப்யூட்டர்லயே தமிழ் வச்சிக்கினு இருக்கான்.”

போன பிறகு ஹேமாம்புஜம் கேட்டாள், வேட்டியை என்ன செய்வது என்று. பெருமாளுக்குச் சாத்தக் கொடுத்துவிடலாம் என்றேன்.

“அவர் மட்டும் என்ன பாவம் பண்ணினார்?” என்றாள்.

ஜனவரி 15

தை பிறந்துவிட்டது. யாரும் காலி செய்யவில்லை. வேட்டும் நிற்கவில்லை.

பிப்ரவரி 6

இடைக்காலத் தடை. குவாரி இயங்கக் கூடாது, குடியிருப்பைத் தொடக் கூடாது, ஆறு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். ஸிந்துஜா ராத்திரி ஃபோனில் படித்துக் காட்டினாள். உத்தரவில் ‘தர்மலிங்க நகர் குடியிருப்பு’ என்று வருகிறதாம். மறுபடி படி என்றேன்.

பிப்ரவரி 10

தர்மலிங்க நகருக்குப் போயிருந்தேன். உத்தரவின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். லாரிகள் வரிசையாக நிற்கின்றன. பாதை ஓரத்து எருக்கஞ்செடி ஒன்றில் இரண்டு இலை பச்சையாகத் தெரிந்தது.

கங்கையம்மாள் கூரை ஓட்டைக்கு ஒரு கட்சி பேனரைக் கட்டியிருக்கிறாள். அண்ணாந்தால் பரசுராமன் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். வாழ்த்து வாசகம் என்னுடையது. கையில் தழும்பு நன்றாக ஆறிவிட்டது.

வேலை இல்லை. இதைச் சொல்லாமல் விடக்கூடாது. குவாரி நின்றால் இவர்களுக்குக் கூலியும் நின்றது. “உத்திரமேரூர் பக்கம் ரோடு போடறாங்களாம். நாளைக்கு நாலு பேரா போறோம். போயிட்டு ராவுக்கு வந்துடுவோம், வூடு இருக்குதுல்ல” என்றாள். தடை நிலைக்குமா, ஆறு வாரம் கழித்து என்ன ஆகும் என்று கேட்டாள். தெரியாது என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் உண்மை அதுவாக இருக்கலாம்.

டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்தாள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் பாத்திரச் சத்தம் கேட்டது. பலகையிலிருந்து சொம்பு, டம்ளர், நசுங்கிய குண்டான், ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டு வாசற்படியில் போய் நின்றாள். நானும் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

காத்துக்கொண்டே இருந்தோம். சங்கு ஊதவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பெண் உரக்கச் சிரித்தாள்.

கங்கையம்மாள் பள்ளத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே வந்து பாத்திரங்களைப் பலகையில் ஏற்ற ஆரம்பித்தாள்.